வாப்பாவின் ஈரலும் என் அளவுகோலும்

வாப்பாவின் ஈரலில் இருந்த புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம். எங்கள் கல்முனைக்குடியில் அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்போம். அது வேலை செய்ததா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தோம். ரிப்போட் இங்கிலீசில் வந்தது. நான் கணக்கு டீச்சர். டொக்டரைக் காணும் நாள் வரைக்கும் பொறுமையாக இருக்க என்னால் முடியுமா?

பழைய ரிப்போட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மில்லிமீற்றரை மட்டும் பார்த்தேன். கட்டி பெருத்திருந்தது. யா அல்லாஹ்! மற்ற வரிகள் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் கெட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

"என்னவாம் மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"சின்னனாகிட்டு வாப்பா."

வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஒரு கிழமை கழித்து டொக்டர் படத்தைக் கொம்பியூட்டரில் காட்டினார். "கட்டி கொஞ்சம் வீங்கித்தான் இருக்கு" என்று அவர் தொடங்கியதும் வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கத்தில் நான் குனிந்துகொண்டேன். ஆனால் டொக்டரின் முகத்தில் கவலையே இல்லை. கையில் ஏற்றிய மருந்து இரத்தத்தோடு போய், உயிருள்ள கட்டியை வெளிச்சமாகக் காட்டுமாம். இது கறுப்பாகவே கிடந்தது.

"செத்துட்டு எண்டுதான் இப்போதைக்குத் தெரியுது. கரண்ட் பிடிச்ச இடம் முதல்ல வீங்கிறதும் உண்டு. மூணு மாசத்தால திரும்ப எடுத்துப் பார்ப்பம்" என்றார்.

பெருத்திருக்கிறது, ஆனால் செத்துவிட்டது. செத்துவிட்டது, ஆனால் இன்னும் பார்க்க வேண்டும். இதற்குச் சந்தோசப்படுவதா, பயப்படுவதா? எனக்குத் தலை சுற்றியது. வாப்பாவுக்கும் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் மௌத்தானவரின் உடலை, அதாவது மையத்தை, ஒரு நாளும் தாமதிக்காமல் அடக்கிவிடுகிறவர்கள் அல்லவா!

"மௌத்தாகிட்டெண்டா மையத்த ஏன் டொக்டர் இன்னும் அடக்கல்ல?" என்று கேட்டார்.

டொக்டர் சிரித்துவிட்டார். "அடக்கிறது உங்கட உடம்புதான் ஐயா. அது ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் செய்யும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாப்பாவின் பக்கத்தில் இருந்தேன். "பயத்துல பொய் சொல்லிட்டன் வாப்பா, மன்னிச்சிக்கங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை.

"அத நம்பித்தான் மகள் ஒரு கிழமை நிம்மதியா தூங்கின. இனி நீங்க உண்மையாவே நல்ல செய்தி சொன்னாலும், நான் எப்பிடி நம்புற?"