தைலமரத் தோப்பில் கேட்ட சங்கு

மேரியும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எங்களுக்கு வார விடுமுறை புதன்கிழமை. போன மாதம் ஒரு புதனன்று, புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் பைக்குகளில் தைலமரத் தோப்புக்குள் மண்பாதையில் கிளம்பினோம். வழி பார்க்க, ஹேண்டில்பாரில் மாட்டிய என் செல்போனை மட்டும் நம்பினேன்.

உச்சிவெயிலில் அது சூடேறி அணைந்துவிட்டது. மேரியின் போனில் சிக்னல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மர வரிசை. மணலில் சக்கரம் புதையப் புதைய, பைக்கின் சார்ஜும் மளமளவென்று இறங்கியது.

"அக்கா, சுத்திச் சுத்தி இங்கயே வந்துக்கினு கீறோம்" என்று மேரி அழ ஆரம்பித்தாள்.

"கம்முனு இரு. வெளிய போயே தீருவோம்" என்றேன்.

அப்போது தூரத்தில் மதிய ஷிப்டுக்கான சங்கு ஊதியது.

"நம்ம கம்பெனி சங்குடி! அந்தப் பக்கமா ஓட்டு!"

அந்தத் திசையை விடாமல் பிடித்து, கடைசியில் பைக்கைத் தள்ளிக்கொண்டே தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகும் மண்பாதையில் போவதை நாங்கள் விடவில்லை. வெயில் தாங்கும் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கிவிட்டேன். மேப்பை வீட்டிலேயே அதில் ஏற்றிக்கொள்கிறேன். சார்ஜ் பாதியானால், பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பிவிடுகிறோம். தினமும் நான் திட்டிக்கொண்டே வேலைக்கு ஓடக் காரணமான அந்தச் சங்கு, ஒவ்வொரு முறையும் நாங்கள் வழி தவறும் நேரம் பார்த்து ஊதாது.