அக்கா திறந்து காட்டிய பெட்டி

இரும்புப் பெட்டியின் கதவில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, நடுவில் குங்குமம். நவராத்திரிக்கு ஆயுத பூசை செய்தபோது வைத்திருக்கிறார்கள். காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. என் வேலையில் நான் பார்த்த துப்பாக்கிப் பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. வேட்டைக்காரர்களின் நிலவறைகளிலும் துப்பாக்கி சுடும் கழகத்துக்காரர்களின் படுக்கையறைகளிலும் எத்தனையோ தடவை குனிந்து பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்த பெட்டி அது ஒன்றுதான். கொஞ்சம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக்கூடிய கடைசி நேரம் அது என்று அப்போது தெரியாது.

ஜேர்மனியில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்களின் கோப்புகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வருடக்கணக்காக அதே மேசை, அதே பச்சை அட்டைக் கோப்புகள். இடையிடையே முன்னறிவிப்பு இல்லாமல் வீடுகளுக்குப் போய், துப்பாக்கி சட்டப்படி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வரவேண்டும். சட்டம் நெடுகப் பேசும், ஆனால் அதன் சாரம் சின்னது. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒருவர்தான் பெட்டியைத் திறக்கலாம். சாவி எங்கே இருக்கிறது என்பது கட்டிய மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்கக்கூடாது. தெரிந்திருந்தால் உரிமக்காரர் நம்பத்தகுந்தவர் அல்லர். நம்பத்தகுந்தவர் என்பது என் வார்த்தை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். சாவி வேறு கைக்குப் போன வீடுகளின் கோப்புகள் எங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, அவற்றை இரண்டாம் தடவை திறக்க எனக்கு மனம் வருவதில்லை.

பெட்டிக்குச் சொந்தக்கார அண்ணையை எனக்குக் கோயிலில் முகப்பழக்கம். ஹம் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். கூட வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் ஒருநாள் சுடுகழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டார். பரீட்சை எழுதி, வருடக்கணக்காகப் பயிற்சிக்குப் போய், இரண்டு துப்பாக்கிகளுக்கு உரிமம் எடுத்தார். எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இது பெரிய பகிடி. துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிசன் இங்கே வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்குகிறாரே என்று அன்னதானப் பந்தியில் யாராவது சீண்டுவார்கள். அவர் கோபிக்கமாட்டார்.

"ஊரிலை துவக்கு வைச்சிருந்த எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டவங்கள். இஞ்சை வந்தும் அகதி விசாரணையெண்டு பத்து வருசம் ஒவ்வொரு அறையா இருத்தி, நீ சொல்லுறது உண்மையோ எண்டு கேட்டவங்கள். இப்ப அரசாங்கமே எழுதித் தந்திருக்கு, இந்த ஆளை நம்பலாமெண்டு. வேறை ஆரிட்டை இருக்கு இப்பிடியொரு கடுதாசி?" என்பார். அந்த உரிம அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கும் வருவார்.

நாங்கள் சோதனைக்குப் போன நாள் பின்னேரம் அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், மா பிசைந்த கையோடு வந்து கதவைத் திறந்தார். என்னோடு வந்த ஜேர்மன் அலுவலர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வந்த காரியத்தைச் சொன்னார். அக்கா சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். அவர் இல்லை, என்னால் திறக்க ஏலாது. அவ்வளவுதான். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு இன்னொரு நாள் போயிருப்போம்.

ஆனால் அக்கா எங்கே படித்தவர்? அகதி முகாமில். அங்கே பொலிஸ் வந்து அறையைத் தட்டினால், தெரியாது, இல்லை, பிறகு வாங்கோ என்று சொன்னவர்கள்தான் மாட்டுப்பட்டார்கள். கேட்பதற்கு முன்னாலேயே அலுமாரி, சூட்கேஸ், தலையணை உறை எல்லாம் திறந்து காட்டியவர்கள் தப்பினார்கள். அதை எங்கள் வீட்டிலும் அம்மா செய்து நான் பார்த்திருக்கிறேன்.

"வாங்கோ, வாங்கோ. என்ன ஒளிக்கக் கிடக்கு?" என்று எனக்குத் தமிழிலும் அவருக்கு ஜேர்மனிலும் சொல்லிக்கொண்டு கையைக் கழுவினார். கடுதாசிகள் அடுக்கிய தடித்த கோப்பை முதலில் மேசையில் கொண்டுவந்து வைத்தார். பிறகு சாமியறைக்குள் போனார்.

அவர் ஏன் அங்கே போகிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளையார் படத்தின் பின்னால் சாவிக்காக அவர் கை போவதையும் கண்டேன். "திறக்காதேங்கோ அக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? பக்கத்தில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன சொன்னாய் என்று கேட்பார். எங்கள் ஆளென்றவுடன் காதுக்குள் சொல்லிக்கொடுத்தேன் என்று அலுவலகத்தில் ஒரு கதை வரும். என்னையும் அவர்கள் நம்பவேண்டுமே. நான் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

பெட்டி திறந்தது. உள்ளே எல்லாம் அவ்வளவு ஒழுங்கு. துப்பாக்கிகள் துடைத்த மினுக்கோடு இருந்தன. "எல்லாம் சரியா இருக்குத்தானே, தங்கச்சி?" என்று அக்கா கேட்டார். "வடிவா வைச்சிருக்கிறியள்" என்றேன். ஜேர்மன் அலுவலர் தன் தாளில் ஒரு வரி எழுதினார். அக்கா எங்களை விடவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

உரிமத்தைப் பறிப்பதற்கு முன் ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவேண்டும். அண்ணை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாக வந்து இருந்தார். வாதாடவில்லை. சாமியறையில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று நினைத்தாராம், பிழை தன்னுடையதுதான் என்று ஜேர்மனில் சொல்லிக் கையெழுத்து வைத்தார். எழும்பும்போது தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். தன்னாலைதான் போனதெண்டு அவவுக்குத் தெரியவேண்டாம். நான் கடுதாசி குடுக்கப் பிந்திட்டன் எண்டு சொல்லியிருக்கிறன்."

நான் தலையாட்டினேன். பறிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். உரியவர் நம்பத்தகுந்தவராக இனிக் கருதப்படமுடியாது என்ற வரியை எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை எழுதிவிட்டு எழும்பிப்போய் முகம் கழுவினேன். அண்ணை துப்பாக்கிகளைக் கழகத்து ஆளொருவருக்குக் கொடுத்துவிட்டார். கோயிலுக்கு வருவதும் குறைந்துவிட்டது.

அக்கா வருவார். அந்தக் கடிதம் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிய, என்னைத் தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மனிசன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடுதாசி பிந்தினதுக்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்டார். அவரே கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது.

"நீங்கள் அண்டைக்கு வந்து பாத்தனீங்கள்தானே. அவர் வீட்டிலை இல்லாத நேரம்கூட நான் சாவியை எடுத்துத் திறந்து, ஒண்டும் ஒளிக்காமல் காட்டினனான். நாங்கள் நம்பக்கூடிய ஆக்கள் எண்டதுக்கு வேறை என்ன சாட்சி வேணும்? அதை அப்பிடியே ஜேர்மனிலை எழுதித் தாங்கோ, தங்கச்சி. நான் கையெழுத்து வைக்கிறன்."

"ஓம் அக்கா, எழுதுவம்" என்றேன். அது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போதும் என்னைக் காணும் வெள்ளிக்கிழமைகளில் கேட்கிறார். வாற கிழமை எழுதுவம் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.