ஹெஸ்கேலின் நாற்காலிச் சபதம்

ரமத் கான் நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் ஹெஸ்கேல். அந்த ஊரில் அவர் வாசல் மிதிக்காத வீடு குறைவு. அவரைப் போலவே பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பமாக இருந்தால், மீட்டரைப் பார்க்கும் முன்பே உட்காரவைத்து ஏலக்காய் டீயை நீட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லும் பழக்கமே அவருக்குக் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஒன்பது வருஷமாக ஒரே ஒரு வீட்டில் மட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது அவருடைய ஒரே மகள் இலானாவின் வீடு. பெத்தா திக்வாவில் இருக்கிறது, பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிஷம்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். இலானா புது வீட்டுக்குக் குடிபோன வருஷம், பாஸ்கா பண்டிகை விருந்துக்கு இரண்டு வீட்டாரையும் அழைத்திருந்தாள். மேசையின் தலைமாட்டில் தன் மாமனாரை உட்காரவைத்தாள். அவர் இடுப்புவலிக்காரர், கை வைத்த நாற்காலி வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. விஷயம் அவ்வளவே. பெண்ணைப் பெற்றவன் ஓரத்தில், சம்பந்தி தலைமாட்டிலா என்று ஹெஸ்கேலுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து நின்றார். "இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டேன்னா நான் மனுஷனே இல்ல! கடவுள் மேல சபதம்!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டு வெளியே வந்தார். பண்டிகை நாளில் பஸ் ஏது? ஏழு கிலோமீட்டர் நடந்தே வீடு சேர்ந்தார். பின்னால் அவர் மனைவி நஸீமா, குதிகால் கடிக்கும் புதுச் செருப்போடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சபதம் என்ற வார்த்தைக்கே பயப்படுகிற ஆள் அவர். "நாளைக்கு வந்து பாக்கறேன், சபதமில்ல" என்பார். "சாயங்காலம் தக்காளி வாங்கிட்டு வர்றேன், சபதமில்ல" என்பார். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். சொன்ன சொல் தவறினால் பாவம் என்பதால் முன்கூட்டியே ஒரு தப்பிக்கும் வழி. தக்காளிக்கு அவ்வளவு கவனமாக இருந்தவர், மகள் விஷயத்தில் வாயைக் கட்டவில்லை.

சபதத்தை அவிழ்க்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். வெயில் காலம் முடிகிற சமயம் வரும் எங்கள் புது வருஷத்துக்கு முந்தின நாள், காலைத் தொழுகை முடிந்ததும் ஜெபக்கூடத்தில் மூன்று பேர் நீதிபதிகளாக உட்காருவார்கள். ஒருவர் எதிரே நின்று, வாய்தவறி இட்ட சபதங்களுக்கெல்லாம் வருந்துவதாகப் படிப்பார். "அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அவிழ்ந்தது" என்பார்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். நினைவில் இல்லாத சபதங்கள் மொத்தமாகப் போய்விடும். நினைவில் இருப்பதை மட்டும் அந்த மூவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அங்கேதான் ஹெஸ்கேல் சிக்கிக்கொண்டார். நீதிபதியாக உட்காரும் கோழிக்கடை மெனாஷேவிடமும் மற்றவர்களிடமும் போய், ஒரு நாற்காலிக்காக மகளை ஒதுக்கிவைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு வருஷமும் புத்தகத்தில் அச்சடித்ததை மட்டும் கடகடவென்று படித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நஸீமாவிடம், "அடுத்த வருஷம் கண்டிப்பா சொல்லிடறேன்" என்பார்.

தீர்மானம் எடுப்பதில் அவரைப் போல ஒருவர் கிடையாது. அறுபது வயது நிறைந்த அன்று ஒரு தீர்மானம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒன்று. பேரனுக்குப் பெயர் வைத்த எட்டாம் நாள், கல்யாண நாள், பாஸ்கா, நோன்பு நாள் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று. முதல் மூன்று வருஷம் நஸீமா நம்பினாள். அப்புறம் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் தனியாகப் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய் வருவாள். இலானாவும் தன் பங்குக்குப் புது வருஷத்துக்கு முந்தின நாள் காலையில் தவறாமல் போன் செய்வாள். "அப்பா, பண்டிகைக் காராமணி வேகுது. வர்றீங்களா?" இவர், "அம்மாவுக்கு முட்டி வலிம்மா" என்பார். முட்டி வலிக்காரிதான் வாரம் தவறாமல் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் வெயில் காலத்தில் நஸீமா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். எழுந்திருக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ நாம மூணு பேரும் அவ வீட்டுல ஒரே மேசையில சாப்பிடணும்ங்க. ஒரு தடவ போதும்."

"புது வருஷம் வரட்டும். ரெண்டு மாசந்தானே? மொத வேலையா முடிச்சிடறேன்."

"எனக்கு ரெண்டு மாசம் யாரு குடுத்தா?"

எந்த நாளிலும் மூன்று பேரைக் கூட்டி அவிழ்த்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலமே செய்திருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆள் கிடைத்திருக்கும். ஆனால் நம் ஹெஸ்கேல் நாள் பார்க்கிறவர் ஆயிற்றே! அந்த வாரமே நஸீமா போய்விட்டாள். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது, இரக்கம் பிறகுதான் வருகிறது.

புது வருஷத்துக்கு முந்தின நாள் வந்தது. மெனாஷேவும் மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். ஹெஸ்கேல் புத்தகத்தை மூடினார்.

"இருங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"என்னடா, சிகரெட்ட விடறேன்ங்கற சபதமா?" என்றார் மெனாஷே. "அத இங்க பாதிப் பேரு வருஷா வருஷம் அவுக்கறாங்களே!"

"இல்லடா. இலானா வீட்டுல சாப்பிடமாட்டேன்னு சபதம் போட்டிருக்கேன். ஒம்பது வருஷம் ஆச்சு."

"எதுக்கு?"

"ஒரு நாற்காலிக்கு."

மெனாஷே சிரிக்க வாயைத் திறந்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். "வருத்தப்படறியா?"

"அன்னைக்குப் பாதி வழி நடக்கும்போதே வருத்தப்பட்டேன்."

"அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அவிழ்ந்தது" என்றார்கள் மூவரும். அடுத்த ஆள் எழுந்து வந்து நின்றார்.

ஹெஸ்கேல் நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். காலையில் இலானாவின் போன் வரவில்லை என்பது பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மகள் வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்திருந்தது. மருமகன் யிகால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சாவியோடு வெளியே வந்த இலானா அவரைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"அப்பா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிட வந்தேன்."

அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுல ஒண்ணுமே இல்லப்பா. யிகாலோட அக்கா வீட்டுக்குப் போறோம், ஏலாத்துக்கு. பண்டிகை முடிஞ்சுதான் வருவோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா வர்றப்பல்லாம் உங்களுக்கும் சேத்து ஒரு தட்டு வெப்பேன். அம்மாதான் வெக்கச் சொல்லுவாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் நானும் ஒரு முடிவு எடுத்தேன். இந்த வருஷத்துலேர்ந்து காத்துட்டு இருக்கறதில்லன்னு."

"இருக்கறதக் குடும்மா. ஒரு வாய் போதும்."

பூட்டப்போன கதவை மறுபடி திறந்தாள். சமையலறையில் ரொட்டியின் கடைசித் துண்டு ஒன்று கிடந்தது. ஹெஸ்கேல் கை கழுவி, ஆசிச்சொல் சொல்லி, உப்பில் தொட்டு நின்றபடியே கடித்தார். இலானா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சபதம்?"

"அவுத்தாச்சு. மெனாஷேவும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்தாங்க. விஷயத்தச் சொன்னேன். அவிழ்ந்ததுன்னு மூணு தடவ சொன்னாங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

இலானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா ஒம்பது வருஷமா கேட்டது இந்த ரெண்டு நிமிஷந்தானாப்பா?"

வெளியே யிகால் ஹாரன் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. ஹெஸ்கேல் கடித்தது போக மீதி ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.