காலிக் கிண்ணங்கள்

பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவரை எல்லோரும் ‘ஒல்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அதே உடம்பு, அதே இடுப்பு. அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்றே வாரத்தில் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தால், கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

“ஆபரேஷன் வீட்டுக்காரம்மாவுக்கு, சதை போடறது உனக்கா?” என்றார் போர்மேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒல்லியும் சிரித்து வைத்தார். சட்டையை இழுத்துப் பெல்ட்டை மறைத்துக்கொண்டார்.

அவர் மனைவி ஒரு மில் கேன்டீனில் சமையல்காரி. தினமும் இருநூறு பேருக்கு வடித்துக் கொட்டியவள். இரைப்பையில் புற்றுநோய் என்று முக்கால்வாசி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். “கட்டியை எடுத்தாச்சு. மிச்சம் மீதி இருந்தா அழிக்க மருந்து ஏத்தணும். ஆனா புண் ஆறாம ஏத்த முடியாது. புண் ஆறணும்னா உடம்புல சத்து இருக்கணும்” என்று கறாராகச் சொல்லித்தான் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு மணிக்கொரு தரம் ஒரு சின்னக் கிண்ணம், நாளைக்கு ஆறு. முட்டை, மீன், பால், மசித்த பருப்பு. சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதி வர வேண்டும்.

தாளை அவளே எழுதினாள். ஆனால் பாருங்கள், கேன்டீனில் ஒரு பழக்கம். பாத்திரம் காலியாகித் திரும்பினால் சாப்பாடு செலவாகிவிட்டது என்று அர்த்தம். யார் வயிற்றுக்குப் போனது என்று எவனும் கேட்க மாட்டான். அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

இரண்டு வாய் உள்ளே போனதும் அவளுக்கு நெஞ்சை அடைக்கும், குப்பென்று வியர்க்கும். கிண்ணம் மெல்ல அவர் பக்கம் நகரும்.

“என்னங்க, வீணாப் போகுது. நீங்க முடிச்சிடுங்க.”

அவளை வற்புறுத்த அவருக்கு மனசு வரவில்லை, நல்ல முட்டையைக் கொட்டவும் மனசு வரவில்லை. முடித்துவிடுவார். அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்துக் கிண்ணங்களும் மூடி போட்டு அவருக்காகக் காத்திருக்கும். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் தாளில் ‘முழுசு’ என்று எழுதுவாள். பொய் என்று முதலில் இருவருக்கும் தோன்றவே இல்லை. தோன்றியபோது பயம் வந்து வாயை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சரியாகச் சாப்பிடாத பக்கத்துக் கட்டில்காரிக்கு ஆகாரம் இறக்க மூக்கில் குழாய் செருகியிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

புண் ஆறவில்லை. தொப்புளுக்கு மேலே விரல் நீளத்துக்குத் தையல் வாய் பிளந்தது. தினம் கட்டுப் பிரிக்கும்போது பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே ஒல்லி பாதி உயிராகிப் போனார்.

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ குறைவு. ரத்தத்திலும் புரதம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு கரையுதுன்னா உள்ளே ஏதோ கோளாறு. சேர்த்துத் தைச்ச இடத்துல கசிவு இருக்கலாம். இன்னிக்கே ஸ்கேன் எடுப்போம். தேவைப்பட்டா மறுபடி வயித்தைத் திறந்து பார்க்கணும்.”

மறுபடியுமா! இருக்கிற புண்ணே மூடவில்லை, இந்த உடம்பு இன்னொரு கத்தியைத் தாங்குமா? அவள் அவரையே பார்த்தாள். சொல்லாதீங்க என்பது போலத் தலையை லேசாக ஆட்டினாள்.

“டாக்டரம்மா,” என்றார் ஒல்லி. “அதெல்லாம் நான் சாப்பிட்டது.”

“எது?”

“தாள்ல இருக்கிறது. முக்கால்வாசி என் வயித்துக்குத்தான் போச்சு.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “பெரியவங்கதானே நீங்க ரெண்டு பேரும்? இந்தத் தாளை நம்பி நான் கத்தியை எடுத்திருந்தா?”

எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை. உடம்பில் சத்து இல்லாததால்தான் புண் மூடவில்லை என்றார்கள். அன்றைக்கே அவளைப் படுக்கையில் சேர்த்து மூக்கில் குழாய் போட்டார்கள்.

“காட்டிக் குடுத்துட்டீங்கல்ல,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் குழாயோடு சேர்த்து வாய் வழியாகவும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு கிண்ணம் மசித்த பருப்பை வைத்துவிட்டுத் தாளை ஒல்லியின் கையில் கொடுத்தாள். மனைவி இரண்டு கரண்டி சாப்பிட்டாள். கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். பிறகு கை தன்னால் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளியது.

ஒல்லி கிண்ணத்தைத் தொடவில்லை. தாளில் ‘ரெண்டு கரண்டி’ என்று எழுதினார். எழுதியதை அவள் எட்டிப் படித்தாள்.

கிண்ணத்தைத் திரும்ப இழுத்தாள். அரைக் கரண்டி எடுத்து, வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்து, விழுங்கினாள்.

“ரெண்டரைன்னு போடுங்க,” என்றாள்.