நான் அழுகவைத்த செடி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அக்காவின் மாடி வீட்டில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைக்கும் கலப்பினச் சக்யுலண்ட் செடி ஒன்று இருந்தது. விதை போட்டாலும் அதே செடி திரும்ப வராதாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்றார் அக்கா. தாகத்தோடு ஊர் ஊராய் அலைந்தவன் நான். பாவமென்று தினமும் ஒளித்து ஊற்றினேன். அடித்தண்டு அழுகிவிட்டது.

"நான்தான் அக்கா ஊத்தினனான்."

"அதைக் குப்பையில போட்டுட்டு நீயும் போ!"

நான் போடவில்லை. அழுகாத தலையை பிளேடால் வெட்டி, கொட்டாஞ்சேனையில் நான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோய், காயவிட்டு மணலில் நட்டேன்.

"செத்ததுக்கு வைத்தியமோ மச்சான்?" என்று அறைத் தோழன் சிரித்தான்.

வேர் விட்டது. கேள்விப்பட்ட அக்கா போன் எடுத்தார். "என்ர செடியைக் கொண்டு வா."

"ஒரு இலை தாறன் அக்கா, அதிலயே முளைக்கும். செடியைத் தரமாட்டன்."

இப்போது தாகமெடுத்தால் நானே குடித்துக்கொள்கிறேன். இரண்டு கிழமை முடியாமல் செடியின் பக்கம் செம்போடு போவதில்லை.