இரண்டு மிஷின்களும் ஒரு காஸ் விளக்கும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஷெட்டின் தட்டிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, காரின் பானெட்டில் தலைகீழாகக் கிடந்த கூரை மூங்கில்கள். பிம்பத்தில் ஒவ்வொரு கணுவும் தெளிவாக இருந்தது. பானெட்டின் நடுவே ஒரு வெள்ளை நூலை ஒட்டியிருந்தோம். நூலுக்கு இடப்புறம் ஒரு மிஷினாலும் வலப்புறம் இன்னொரு மிஷினாலும் பாலிஷ் போட்டிருந்தது.

யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்கள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். விழுப்புரத்தில், திண்டிவனம் போகும் சாலையில், அக்காவின் கணவர் கார் ஷெட் வைத்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஷெட்டுக்குச் சில்லறை ரிப்பேர்கள்தான் வந்தன. பெயிண்ட் வேலைக்கு எல்லாரும் சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ போனார்கள். சென்னையில் ஒரு பட்டறை மாமாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஷெட்டை மூடிவிட்டு அவர் மட்டும் அங்கே போவது, அக்கா இங்கேயே இருப்பது என்று பேச்சு. அக்காவுக்கு அதில் சம்மதமில்லை.

இந்த நிலையில் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்த மண்டிக்காரர் ஒருவர் தம் கறுப்புத் திறந்த காரைக் கொண்டுவந்து விட்டார். அவர் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான். ஊரே பார்க்கப் போகிற கார். வேலை நன்றாக அமைந்தால் ஷெட் நிற்கும், இல்லாவிட்டால் சென்னைதான் என்று மாமா முடிவு செய்திருந்தார்.

புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று, பாலிஷ்தான் பாக்கி. நூலுக்கு இடப்புறம் போட்டது மாமா மிலிட்டரி ஏலத்தில் வாங்கிய மிஷின். அதில் ஆட்டு ரோமம் போர்த்திய வட்டத் தட்டு ஒரே திசையில் வேகமாகச் சுற்றும். கை ஓரிடத்தில் நின்றுவிட்டால் பெயிண்டைச் சுட்டுவிடும். மற்றது பாண்டிச்சேரி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதன் தட்டு சுற்றாமல் சின்னச் சின்ன வட்டங்களாக ஆடும். பிடித்த கை தோள்வரை நடுங்கும். அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

"பாத்துக்க மச்சான், ஏலத்து மிஷின்தான் ராஜா. பாண்டிச்சேரிது கையில தந்தி அடிக்குது, அவ்வளவுதான். இன்னிக்கே பஸ்ல ஏத்திடுவோம்" என்றார் மாமா.

எனக்கும் இடப்புறம்தான் பளபளப்பு கூடுதலாகத் தெரிந்தது. அப்படியே சொன்னேன்.

காப்பி கொண்டுவந்த அக்கா பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, மாப்பிள்ள அழைப்பு விடியக்காலயிலயா?"

"பொழுது சாஞ்சிதான். ஏன்?"

"அப்ப விடியக்காலயில நின்னுக்கினு ரெண்டு பேரும் மார்க்கு போடறீங்களே. காருக்கு ரெண்டு பக்கமும் காஸ் லைட்டத் தலையில வெச்சிக்கினு நடப்பாங்க. ஜனம் பாக்கறது அந்த வெளிச்சத்துலதான்."

"வெளிச்சம்னா வெளிச்சம்தான். அதுல என்ன வித்தியாசம் கீது?"

"பொடவக் கடையில வந்து கேளுங்க. வாசலுக்குக் கொண்டாந்து பாக்காம எவ வாங்கறா?"

மாமா காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். புதுப் பெயிண்ட்டை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பது அவர் தொழில் கற்ற இடத்து வழக்கம். அதனால் கூரை நிழலில் வைத்தே இதுவரை எல்லா வேலையையும் பார்த்து ஒப்படைத்திருந்தார்.

இருட்டும்வரை பொறுக்காமல் நண்பகலிலேயே காரைப் பக்கத்து மல்லாட்டைக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அதற்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. வாடகைக்கு எடுத்த காஸ் விளக்கைப் பற்றவைத்து, ஊர்வலத்தில் வருவதுபோல் தலை உயரத்தில் பிடித்தேன்.

இடப்புறம் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன, சிலந்தி வலை போல. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. நூலுக்கு அப்பால், வலப்புறம், ஒரு விளக்கு ஒரு விளக்காகவே இருந்தது.

"பேஜாராப் போச்சே" என்றார் மாமா.

"இன்னா, உங்க ராஜா கம்முனு கீறாரு?" என்று கதவோரத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். மாமா சிரித்துவிட்டார். அந்த வாரம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பாண்டிச்சேரி மிஷினை மட்டும் வைத்து ஒரு மட்கார்டில் முயன்று பார்த்தோம். உப்புத்தாள் தேய்த்த ஆழமான கோடுகள் அதற்கு அசையவில்லை. ஏலத்து மிஷின் அவற்றை ஒரே மூச்சில் எடுத்தது. ஆக முதல் வேலைக்கு அது, முடிக்கும் வேலைக்கு இது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டதே எங்கள் தவறு. மறுநாள் ரயிலில் பாண்டிச்சேரி போய், மிஷின் இன்னும் சில நாள் வேண்டும் என்று கேட்டேன். "கல்யாணம் முடியறவரைக்கும் வெச்சிக்கங்க. இங்க சும்மாதானே தூங்குது" என்றார் நண்பர்.

காலையில் பாலிஷ், நண்பகலில் கிடங்கு, மறுபடி பாலிஷ் என்று வேலை போயிற்று. முடிவில் கிடங்கில் எந்தப் பக்கம் விளக்கைப் பிடித்தாலும் வளையம் தெரியவில்லை.

ஊர்வலம் திண்டிவனத்தில் மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம், இரு பக்கமும் காஸ் விளக்குகள். மாமா மாப்பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பானெட்டோடு பானெட்டாக நடந்தார். கதவின் கறுப்பில் ஒரு பெண் தன் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். "அம்மா, கை வெக்காதீங்க" என்று மாமா கெஞ்சினார்.

கோயில் முனையில் மண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யோவ் ஷெட்டுக்காரரே, மாப்பிள்ளய வுட்டுட்டு எல்லாரும் காரப் பாக்கறானுங்கய்யா!"

"தப்புதாங்க" என்றார் மாமா.

"இன்னா தப்பு? அதோ வக்கீல் கேக்கறாரு, மெட்ராசுல எந்தப் பட்டறைன்னு. நீயே போய்ச் சொல்லு."

மாமா மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். "விழுப்புரம்தாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

வைகாசியில் வக்கீல் காரும் அவர் சொல்லி அனுப்பிய இன்னொரு காரும் வந்தன. வரவில்லை என்று மாமா சென்னைப் பட்டறைக்கு எழுதிப் போட்டார். ஆனி மாதம் அவரும் அக்காவும் ஷெட்டுக்குப் பின்புறம் கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள்.