உட்கார்ந்து தேடாத பெட்டி

நான் ஒரு பெட்டியைச் சரியாகத் தேடாமலே, அது தொலைந்துவிட்டதாகப் பொய் சொன்னேன். பிறகு அதையே திருடினேன். இன்றும் அது என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

சிரிக்காதீர்கள்! எங்கள் விளையாட்டு அப்படி. ஒருவர் சிறு பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். மற்றவர்கள் கைபேசியும் கையுமாக அலைந்து, கண்டெடுத்து, உள்ளிருக்கும் நோட்டில் கையெழுத்திட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். சாட்சி கிடையாது. சொன்னால் நம்புவார்கள்.

அந்தப் பெட்டி வீராம்பட்டினம் கடற்கரையில், ஓர் இடிந்த சுவரில் இருந்தது. ஒளித்தவர்கள் முசியே அந்துவானும் அவர் மனைவி தெரேசும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஐயா என்பதற்குப் பதில் எல்லோரும் ‘முசியே’ என்போம். தெரேஸ் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அது நூறாவது பெட்டி. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளன்று எங்கள் குழு கூடும். நூறு தொட்டவருக்கு அங்கே கைதட்டல் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு போனேன். சுவரடியில் மீன் குடல், ஈ, நாற்றம்... மூக்கைப் பொத்திக்கொண்டு, நின்றபடியே, கண்ணுக்கு எட்டிய பொந்துகளில் மட்டும் பார்த்தேன். பத்து நிமிடம்கூட இருக்காது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் நான்! ஒரு மூடி கோணலாக இருந்தாலும் தள்ளிவிடுகிறவள்!

கைப்பையில் இருந்த மருந்து டப்பாவைக் காலி செய்தேன். ஒரு தாளில் என் பெயரை எழுதி உள்ளே போட்டு, பொந்தில் செருகினேன். ‘பழைய பெட்டி தொலைந்துவிட்டது. புதியது வைத்துவிட்டேன்’ என்று குழுவுக்குச் செய்தி அனுப்பி, அதையே என் நூறாவதாகக் கணக்கில் சேர்த்தேன். கூசவில்லையா என்கிறீர்களா? இல்லை... ஆட்டோவில் பாட்டு கேட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

கூடிய நாளில் கேக் வெட்டினார்கள். முசியே அந்துவான் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

“மெர்சி மா. பொட்டி போனாலும் அந்த எடத்தக் காப்பாத்திட்ட. தெரேஸ் கடைசியா எழுதினது அந்த நோட்டுலதான். பொண்ணு பிரான்சுக்கே வந்துடுன்றா. அத எடுத்துகினு போலாம்னு இருந்தேன்.”

“நல்லா தேடிட்டேன் முசியே.” எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

“நீ தேடாம இருப்பியா? அவளுக்கு முட்டி வலி, குனிய முடியாது. மணல்ல உக்காந்துகினுதான் வெச்சா.”

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். அந்த மணலில் உட்கார்ந்தேன். முதல் பொந்திலேயே கை பட்டது... நீல டப்பா. ஈரம்கூடப் படவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் நடுங்கிய எழுத்து: ‘எடுத்தவங்க கொஞ்ச நேரம் ஒக்காந்து கடலப் பாருங்க. தெரேஸ்.’

நான் கடலைப் பார்க்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

அவர் கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி தொலையவே இல்லை, நான் தேடிய லட்சணம் இதுதான் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவுதானே! அதற்குப் பயந்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன். பயணத்துக்கு முதல்நாள் முத்தியால்பேட்டையில் என் வீடு தேடி வந்து சொல்லிக்கொண்டார். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால்தான் பீரோ. சீ... என்ன பிறவி நான்!

இப்போதாவது அனுப்பிவிடு என்பீர்கள். இரண்டு முறை உறையில் போட்டு முகவரிகூட எழுதினேன். இரண்டு முறையும் பிரித்துப் பீரோவுக்குள்ளேயே வைத்தேன்.

இந்த மார்ச்சிலும் கூடினோம். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்போது என் பொறுப்பு. “நின்னுகினு தேடாதீங்க. மொதல்ல உக்காருங்க,” என்றேன். கைதட்டினார்கள். யாரோ அதைப் படம்பிடித்துக் குழுவில் போட்டார்கள். மாலையில் பிரான்சிலிருந்து அழைப்பு வந்தது.

“பாத்தேன் மா. தெரேஸ் சொல்றா மாதிரியே இருந்துச்சி.”

“மெர்சி முசியே,” என்றேன்.